வெளியிலிருந்து வரும் பெயர்கள்



இன்று நான் எடுத்துக்கொண்ட விஷயம் பார்வைக்கு மிகச் சிறியது. இணைய முகவரி ஒன்றின் கடைசியில், கேள்விக்குறிக்குப் பிறகு, பெயரும் மதிப்பும் சமக்குறியால் பிணைக்கப்பட்டு, ஜோடி ஜோடியாக, நடுவே & என்ற குறியால் பிரிக்கப்பட்டு நிற்கும் எழுத்துச் சரத்தை நீங்கள் எல்லோரும் கண்டிருப்பீர்கள். குவெரி ஸ்ட்ரிங் என்பது அது. ‘துறை=எண்ணூர்&கலம்_1=...&சீல்_1=...&கலம்_2=...’ என்று போகும் அந்தச் சரத்தை ஒரு புரோகிராம் எப்படி வாசிக்க வேண்டும், அதிலும் வரப்போகிற பெயர்கள் இன்னவை என்று முன்கூட்டியே தெரியாதபோது எப்படி வாசிக்க வேண்டும் என்பதே நம் விசாரணை. இந்தப் பிரசங்கத்தில் பெயர்களையெல்லாம் தமிழிலேயே எழுதிக் காட்டுகிறேன். அது வெறும் வசதிக்காகச் செய்கிற காரியமன்று, நிஜமாகவே அப்படி எழுத முடியும் என்பதைப் பின்னால் சொல்லுவேன்.

இந்த விஷயத்தை ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் இடையில் பேசுவதற்குக் காரணம் உண்டு. இந்தியாவில் கன்டெய்னர்களுக்கென்றே தனியாக அமைந்த முதல் முனையம் 1983-இல் சென்னைத் துறைமுகத்தில்தான் ஏற்பட்டது. பிறகு எண்ணூரில் ஒன்று, காட்டுப்பள்ளியில் ஒன்று என்று துறைமுகங்கள் வடக்கே வளர்ந்துகொண்டே போக, அவற்றுக்குப் பின்னணியாகத் திருவொற்றியூரிலும் மணலியிலும் மாதவரத்திலும் சி.எஃப்.எஸ். எனப்படும் கன்டெய்னர் சரக்கு நிலைய யார்டுகள் பெருகின. சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட்டை நோக்கி எண்ணூர் விரைவுச் சாலையில் டிரெய்லர் லாரிகள் வரிசையாக நிற்பதைக் காணாதவர் இந்தச் சபையில் ஒருவரும் இருக்க முடியாது. அந்த ஒவ்வொரு லாரிக்கும் முன்னால், கண்ணுக்குத் தெரியாமல், ஒரு படிவம் சென்றிருக்கிறது. அதில் எத்தனை கன்டெய்னர் என்பதைப் படிவம் தயாரித்தவர் அறியமாட்டார், அனுப்புகிறவரே அறிவார். ஒரு ஷிப்பிங் பில்லில் ஒரே கன்டெய்னர் இருக்கலாம், நாற்பதும் இருக்கலாம். இறால் ஏற்றிய ரீஃபர், அதாவது குளிர்பதனப் பெட்டி, என்றால் வெப்பநிலை சொல்ல வேண்டும். அபாயகரமான சரக்கு என்றால் அதன் ஐ.நா. எண்ணும் வகுப்பும் சொல்ல வேண்டும்; காலிப் பெட்டி என்றால் இவை எதுவும் வேண்டியதில்லை. ஆகவே படிவத்தில் ‘இன்னொரு கன்டெய்னர் சேர்’ என்ற பொத்தானை அழுத்த அழுத்த, ‘கலம்_2’, ‘சீல்_2’, ‘வெப்பம்_2’ என்று புதுப்புதுப் பெயர்கள் பிறக்கின்றன. பெயரின் ஒரு பாதியை நாம் வகுத்தோம். மறுபாதியை உபயோகிப்பவரின் கை வகுக்கிறது.

இந்த இடத்தில்தான் நான் வற்புறுத்த விரும்பும் ஒரே கருத்து பிறக்கிறது. மதிப்பைச் சந்தேகிக்க வேண்டும் என்று எல்லோரும் கற்பிக்கிறார்கள். எடை என்ற இடத்தில் எண் வந்திருக்கிறதா, தேதி என்ற இடத்தில் தேதி வந்திருக்கிறதா என்று பரிசோதிக்க வேண்டும் என்று எந்தப் பாடப்புத்தகமும் சொல்லும். ஆனால் சமக்குறிக்கு இடப்பக்கம் நிற்கும் பெயரும் அதே அந்நியர் கையிலிருந்து வந்ததுதான். வலப்பக்கத்துக்குக் காட்டும் ஜாக்கிரதையை இடப்பக்கத்துக்கும் காட்ட வேண்டும் என்பதைச் சொல்லுபவர்கள் குறைவு. இணையத்தின் முப்பதாண்டுச் சரித்திரத்தில் நேர்ந்த பல பெரிய விபரீதங்கள் இந்த ஒரு மறதியிலிருந்து விளைந்தவை என்பதை உங்களுக்குக் காட்ட முயல்கிறேன்.

முதலில் இந்தச் சரத்துக்கு இலக்கணம் வகுத்தவர் யார் என்று பார்ப்போம். 1993-ஆம் ஆண்டில் சி.ஜி.ஐ. என்ற ஏற்பாடு தோன்றியபோது, சர்வரானது கேள்விக்குறிக்குப் பின் உள்ளதை அப்படியே, பிரிக்காமல், ஒரு சூழல் மாறியில் வைத்துப் புரோகிராமின் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது. பிரித்து அறிவது புரோகிராம் எழுதுகிறவன் பொறுப்பு. 1995 நவம்பரில் வெளியான எச்.டி.எம்.எல். 2.0 விதிமுறை, படிவத்தை அனுப்பும்போது பெயரும் மதிப்பும் எப்படிக் கோக்கப்பட வேண்டும், இடைவெளிக்குப் பதிலாகக் கூட்டல் குறி எப்படி வர வேண்டும் என்று சொல்லிற்று. 2005 ஜனவரியில் டிம் பெர்னர்ஸ்-லீ, ராய் ஃபீல்டிங், லாரி மாசின்டர் ஆகிய மூவரும் சேர்ந்து வெளியிட்ட 3986-ஆம் ஆர்.எஃப்.சி. என்ற விதிமுறை ஆவணம், இணைய முகவரிகளுக்கெல்லாம் இன்றளவும் மூலப் பிரமாணமாக விளங்குவது, குவெரி எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, எந்த எழுத்துகள் அதில் வரலாம் என்பவற்றை நிர்ணயித்ததே தவிர, உள்ளே பெயர், மதிப்பு என்ற ஜோடிகள் இருந்தே தீர வேண்டும் என்று விதிக்கவில்லை. அப்படி எழுதுவது வழக்கம் என்று மட்டும் குறிப்பிட்டது. ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் என்ன செய்வது, பெயரில் வரிசை எண்ணை எப்படிச் சேர்ப்பது என்பவற்றுக்கெல்லாம் அதில் விடை கிடையாது. சட்டம் மௌனமாக இருந்த இடத்தில் ஒவ்வொரு மொழியும் தன் சொந்தச் சம்பிரதாயத்தை ஏற்படுத்திக்கொண்டது.

அந்தச் சம்பிரதாயங்களின் பேதத்தைப் பாருங்கள். ஒரே சரத்தில் ‘எடை’ என்ற பெயர் இரண்டு முறை வந்திருந்தால், பி.எச்.பி. கடைசியில் வந்ததை எடுத்துக்கொள்கிறது, ஜாவாவின் சர்வ்லெட், ஒரு மதிப்பைக் கேட்டால் முதலில் வந்ததைக் கொடுக்கிறது, மைக்ரோசாஃப்டின் ஏ.எஸ்.பி. நெட் இரண்டையும் நடுவே ஒரு காற்புள்ளியிட்டு ஒன்றாக்கித் தருகிறது. பைத்தானின் நூலகம் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பட்டியலையே தருகிறது. ஒரு காரியாலயத்தில் வாசலில் நின்று பரிசோதிக்கும் புரோகிராம் ஜாவாவிலும், உள்ளே அமர்ந்து பதிவு செய்யும் புரோகிராம் பி.எச்.பி.யிலும் எழுதப்பட்டிருந்தால், பரிசோதிக்கப்பட்டது ஒரு மதிப்பு, பதிவானது வேறொரு மதிப்பு என்று ஆகிவிடும். 2009-இல் இத்தாலியைச் சேர்ந்த லூக்கா கரெட்டோனி, ஸ்டெஃபானோ டி பாவோலா என்ற இருவர் இந்த வித்தியாசத்தையே ஆயுதமாக்க முடியும் என்று விரிவாக எடுத்துக் காட்டினார்கள். பைத்தான் கொடுக்கும் பட்டியலே நேர்மையான விடை என்பது என் அபிப்பிராயம். இரண்டு வந்தன என்பது ஓர் உண்மை. அந்த உண்மையை வாசிக்கும் கட்டத்திலேயே அழித்துவிட வாசிப்பவனுக்கு அதிகாரமில்லை.

அதே பைத்தானும் ஒரு சிக்கலில் அகப்பட்டிருந்தது. 1990-களின் இறுதியில் எச்.டி.எம்.எல். 4 விதிமுறை, & குறி வேறு வகையில் தொல்லை தருவதால் அரைப்புள்ளியையும் பிரிப்பானாக ஏற்கலாம் என்று சர்வர் எழுதுவோருக்கு யோசனை கூறியது. பைத்தான் அதை விசுவாசத்தோடு ஏற்று நெடுங்காலம் இரண்டையும் பிரிப்பானாகக் கொண்டது. ஆனால் நடுவழியில் நின்று பக்கங்களைச் சேமித்துக் கொடுக்கும் சர்வர்கள் & ஒன்றையே அறிந்திருந்தன. இருவரும் ஒரே சரத்தை இரண்டு விதமாக வாசித்ததால், ஒருவருக்கு மதிப்பின் பகுதியாகத் தெரிந்தது மற்றவருக்குப் புதிய பெயராகத் தெரிந்தது. 2021-இல்தான் பைத்தான் அந்தப் பழக்கத்தை விட்டது.

இனி வாசிக்கும் கிரமத்துக்கு வருவோம். இதில் மாற்றக் கூடாத முறை ஒன்றுண்டு: முதலில் பிரித்தல், பிறகே குறிநீக்கம். சரத்தில் விசேஷப் பொருளுடைய எழுத்துகளை மறைத்து அனுப்ப, விழுக்காட்டுக் குறியும் அதைத் தொடர்ந்து பதினாறடிமான இலக்கங்கள் இரண்டும் வரும் ஏற்பாடு இருக்கிறது, அந்த மறைப்பை அவிழ்ப்பதே குறிநீக்கம்; இடைவெளி %20 ஆகிறது, & குறி %26 ஆகிறது. ஏற்றுமதியாளரின் பெயர் ‘மூர்த்தி & சன்ஸ்’ என்றிருந்தால் அந்தப் பெயருக்குள் இருக்கும் & குறி %26 என்று மறைந்து வரும். மூட்டைகளை முதலில் தனித்தனியே இறக்கி வைத்துவிட்டுப் பிறகு ஒவ்வொன்றின் வாய்க்கட்டையும் அவிழ்ப்பதுதான் சரக்கிறக்குவோர் முறை. கட்டுகளையெல்லாம் அவிழ்த்துவிட்டு இறக்கத் தொடங்கினால் எது எந்த மூட்டையின் சரக்கு என்று எவராலும் சொல்ல முடியாது. சரம் முழுவதையும் ஒரே வீச்சில் குறிநீக்கிவிட்டுப் பிறகு & குறியில் வெட்டினால், மூர்த்தி ஒரு பக்கமும் சன்ஸ் ஒரு பக்கமுமாகப் பிரிந்து, ‘சன்ஸ்’ என்பது மதிப்பில்லாத ஒரு புதிய பெயராக வந்து நிற்கும். பெயர்கள் நிலையாக இருக்கும் புரோகிராமில் அந்த அநாதைப் பெயரை எவரும் கவனிக்கமாட்டார்கள். பெயர்கள் மாறுகிற புரோகிராமிலோ அது ஒரு மெய்யான பராமீட்டராகவே எண்ணப்பட்டு உள்ளே போய்விடும்.

ஒவ்வொரு ஜோடியையும் முதல் சமக்குறியில் மட்டுமே வெட்ட வேண்டும். மதிப்புக்குள் வேறு சமக்குறிகள் இருக்கலாம். ‘சீல்_3=’ என்று மதிப்பு வெறுமையாக வருவதும், ‘சீல்_3’ என்ற பெயரே வராமலிருப்பதும் ஒன்றல்ல; முன்னது சீல் இல்லை என்று ஒருவர் சொன்னது, பின்னது சீலைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லாதது. பைத்தானின் நூலகம் வழக்கமாக வெறுமையானவற்றை விட்டுவிடும். விடாதே என்று நாம் தனியாகச் சொல்ல வேண்டும். குறிநீக்கம் ஒரு முறைதான் நடக்க வேண்டும். %2520 என்பதை ஒரு முறை நீக்கினால் %20 என்ற எழுத்துகள் கிடைக்கும், அதுவே அனுப்பியவர் எழுதியது. மறுபடி நீக்கினால் அவர் எழுதாத ஓர் இடைவெளி கிடைக்கும். கூட்டல் குறியால் வரும் தொல்லையை இந்த வட்டாரத்து ஷிப்பிங் ஆபீஸ்களில் வேலை பார்க்கும் இளைஞர்கள் அநேகர் அறிவார்கள்: +91 என்று தொடங்கும் தொலைபேசி எண்ணை மறைக்காமல் அனுப்பினால், மறுமுனையில் அந்தக் கூட்டல் குறி இடைவெளியாகி, நாட்டுக் குறியீடு உருக்குலைந்து நிற்கும்.

இவை எல்லாச் சரங்களுக்கும் பொதுவானவை. இப்போது பெயர் மாறும் சரங்களுக்கே உரிய விசேஷத்துக்கு வருகிறேன்.

‘கலம்_1’, ‘கலம்_2’ என்று வரும் என்று தெரிந்தவுடன் புரோகிராம் எழுதுகிறவர் பெரும்பாலும் செய்வது என்னவென்றால், ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கி, அந்த எண்ணுள்ள பெயர் இருக்கும்வரை எடுத்துக்கொண்டே போய், இல்லாத இடத்தில் நிறுத்திவிடுவது. சோதித்துப் பார்க்கும்போது அது சரியாகவே வேலை செய்யும். ஆனால் ஐந்து கன்டெய்னர்களை எழுதிய குமாஸ்தா, மூன்றாவது பெட்டி கப்பலைத் தவறவிட்டது என்று கேள்விப்பட்டு அந்த வரிசையை மட்டும் நீக்கிவிட்டு அனுப்பினால், சரத்தில் ஒன்று, இரண்டு, நான்கு, ஐந்து என்ற எண்களே வரும். புரோகிராம் மூன்றைத் தேடும், காணாது, நின்றுவிடும். நான்காவதும் ஐந்தாவதும் எந்தப் புகாருமின்றி மறைந்துபோகும். பெட்டியோ லாரியில் ஏறி ஜீரோ கேட்டில் நிற்கும். அதைப் பற்றிய பதிவு இராது. எண்ணிப் பார்த்துத் தேடுவது நாம் ஊகித்த பெயர்களை அனுப்பியவர்மேல் சுமத்துவதாகும். வந்த ஜோடிகள் அனைத்தையும் தலைமுதல் கால்வரை ஒரு முறை நடந்து பார்த்து, ஒவ்வொரு பெயரையும் நாம் வகுத்த வடிவத்தோடு ஒப்பிட்டு, நாம் வகுத்த பாதியாகிய தண்டு இது, அதன் பின் வந்த எண் இது என்று பிரித்து, அந்த எண்ணையே சாவியாக வைத்து வரிசைகளைத் தொகுப்பதே முறை.

எண்ணைச் சாவியாக வை என்றேனே தவிர, வரிசை அணியின் இடமாக வை என்று சொல்லவில்லை. ‘கலம்_900000000’ என்று ஒருவர் அனுப்பினால், அத்தனை இடங்கள் கொண்ட அணியைக் கட்ட முயலும் புரோகிராம் நினைவகம் போதாமல் சாயும். ஜாவாஸ்கிரிப்ட் உலகில் பெரிதும் பிரயோகத்திலுள்ள ‘க்யூ.எஸ்.’ என்ற நூலகம் இந்த அபாயத்தைக் கருதியே சதுர அடைப்புக்குள் வரும் எண்ணுக்கு வழக்கமான வரம்பாக 20-ஐ வைத்திருக்கிறது. அதைக் கடந்தால் அணியாக இருந்தது எண்-பெயர்களைக் கொண்ட வேறு அமைப்பாக உருமாறிவிடும். சிறிய ஷிப்பிங் பில்களோடு மட்டும் பழகிய புரோகிராம் முதல் பெரிய ஏற்றுமதியன்று நிலைகுலைவதற்கு இதுவும் ஒரு காரணம். மேலும், சாவிகளை எழுத்தாக வைத்து அகரவரிசைப்படுத்தினால் 10 என்பது 2-க்கு முன்னால் வந்துவிடும். ‘01’ என்பதும் ‘1’ என்பதும் ஒரே வரிசையா வேறா என்பதை நாம் முன்னரே தீர்மானித்திருக்க வேண்டும். வேறு என்று தீர்மானித்தாலும் குற்றமில்லை. தீர்மானிக்காமல் விடுவதே குற்றம்.

இனி, பெயரை நம்பியதால் விளைந்த கேடுகள். பி.எச்.பி. மொழியில் ஆதியில் ஒரு வசதி இருந்தது: சரத்தில் எந்தப் பெயர் வந்தாலும் அந்தப் பெயரிலேயே புரோகிராமுக்குள் ஒரு மாறி தானாகப் பிறந்துவிடும். எழுதுகிறவருக்கு எத்தனை சௌகரியம்! ஆனால் ‘அனுமதி=1’ என்று எவரோ முகவரியில் தட்டச்சு செய்தால், புரோகிராமில் ‘அனுமதி’ என்று முதல் மதிப்புக் கொடுக்கப்படாத மாறி ஒன்று இருக்குமானால், அது அவர் சொன்னபடியே நிரம்பிவிடும். வெளியார் நம் உள்வீட்டுப் பொருள்களுக்குப் பெயர் வைக்கும் உரிமை பெற்றுவிட்டார்கள். 2002-இல் வெளியான 4.2.0 பதிப்பில் அந்த வசதி வழக்கத்தில் அணைத்து வைக்கப்பட்டது, 2012-இல் 5.4 பதிப்பில் அடியோடு நீக்கப்பட்டது. அதன் தழும்பு இன்னும் இருக்கிறது. பெயரில் புள்ளியோ இடைவெளியோ வந்தால், மாறியின் பெயரில் அவை வரக்கூடாது என்ற பழைய காரணத்துக்காக, பி.எச்.பி. அவற்றை இன்றும் அடிக்கோடாக மாற்றிவிடுகிறது. காரணம் செத்துப் பல வருஷங்களாகியும் காரியம் நிற்கவில்லை. ‘கலம்.1’ என்று அனுப்பிவிட்டு மறுமுனையில் அதே பெயரைத் தேடித் தவிப்பவர்கள் இதை அறிந்துகொள்ள வேண்டும்.

பத்தாண்டு கழித்து அதே பாடம் வேறு உருவில் வந்தது. ரெயில்ஸ் என்ற சட்டகத்தில், படிவத்திலிருந்து வந்த பெயர்கள் அனைத்தையும் தரவுத்தளத்தின் புலங்களோடு ஒரே வரியில் பொருத்திவிடும் வசதி இருந்தது. 2012 மார்ச்சில் எகோர் ஹோமகோவ் என்ற ரஷ்ய இளைஞர், புரோகிராம்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தின் படிவமொன்றில் இல்லாத ஒரு பெயரைத் தாமே சேர்த்து அனுப்பி, ரெயில்ஸ் திட்டத்தின் களஞ்சியத்திலேயே எழுதும் உரிமையைப் பெற்றுக் காட்டினார். அதன் பின்னரே, எந்தப் பெயர்களை ஏற்கலாம் என்று வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்பது அந்தச் சட்டகத்தின் நியதியாயிற்று. ஜாவாஸ்கிரிப்டிலோ, முன்னும் பின்னும் இரண்டிரண்டு அடிக்கோடுகளோடு வரும் ‘புரோட்டோ’ என்ற பெயர், எல்லாப் பொருள்களுக்கும் மூலமான பொருளைச் சுட்டும். சரத்தில் வந்த பெயர்களைச் சாதாரணப் பொருளில் யோசனையின்றிச் சாவியாக்கினால் அந்தப் பெயரால் வெளியார் மூலத்தையே தொட்டுவிடலாம். மூலமற்ற பொருளிலோ ‘மேப்’ என்ற அமைப்பிலோ வைத்தால் அது வெறும் பெயராகவே நின்றுவிடும்.

பெயரின் பொருளைக்கூடப் பார்க்காமல், பெயர்களின் திரளாலேயே தாக்க முடியும் என்பதையும் நாம் கண்டோம். பெயர்களை விரைவில் தேட மொழிகள் உபயோகிக்கும் ஹாஷ் அட்டவணையில், ஒரே இடத்தில் மோதும்படி பொறுக்கியெடுத்த ஆயிரக்கணக்கான பெயர்களை அனுப்பினால், வாசிக்கும் வேலை பெயர்த்தொகையின் வர்க்கமாகப் பெருகிச் சர்வர் முழங்காலிட்டுவிடும். 2003-லேயே கிராஸ்பி, வாலக் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் எச்சரித்தார்கள்; பெர்ல் மொழி அப்போதே திருத்திக்கொண்டது; ஏனையவற்றுள் பல கேட்கவில்லை. 2011 டிசம்பரில் பெர்லினில் கூடிய மாநாட்டில் கிளிங்க், வேல்டே என்ற இருவர் பி.எச்.பி., ஜாவா, பைத்தான், ஏ.எஸ்.பி. நெட் எல்லாவற்றுக்கும் அது பொருந்தும் என்று மெய்ப்பித்த பிறகே உலகம் விழித்தது. உடனே 2012 ஜனவரியில் பி.எச்.பி. ஒரு வரம்பு விதித்தது: ஒரு வேண்டுகோளில் 1,000 பெயர்களுக்கு மேல் ஏற்பதில்லை. நல்ல காவல்தான். ஆனால் கன்டெய்னர் ஒன்றுக்கு நான்கு பெயர் வீதம் 300 கன்டெய்னர்களின் பட்டியலை ஒரே படிவத்தில் அனுப்பினால் 1,200 பெயர்கள் ஆகின்றன. 250-க்கு மேற்பட்ட 50 கன்டெய்னர்களும் சர்வரின் பதிவேட்டில் ஓர் எச்சரிக்கை வரியை மாத்திரம் விட்டுவிட்டு உதிர்ந்துவிடும். வரம்பு இருக்க வேண்டும். வரம்பை மீறியது என்று அனுப்பியவருக்குச் சொல்லி முழுவதையும் திருப்புவதும் வேண்டும். பாதியை ஏற்றுக்கொண்டு ‘சரி’ என்று பதில் அளிப்பது சத்தியத்துக்கு விரோதமானது.

அப்படியானால் நமக்குத் தெரியாத பெயர் வந்தால் என்ன செய்வது? ஏற்கவும் கூடாது, மௌனமாக எறியவும் கூடாது. தனியாக எடுத்து வைத்து, வந்தது என்று தெரிவிக்க வேண்டும். 2016 ஜூலை 1 முதல், ஏற்றுமதிக் கன்டெய்னரின் சரிபார்த்த மொத்த எடையை அறிவிக்காமல் கப்பலில் ஏற்றக் கூடாது என்ற சர்வதேச விதி அமலுக்கு வந்தது. அதுவரை எந்தப் படிவத்திலும் இல்லாத ஒரு பெயர், உலகத்தின் எல்லாத் துறைமுகங்களிலும் ஒரு குறித்த நாளில் பிறந்தது. அத்தகைய நாளில், தெரியாததை எறிந்துவிடும் புரோகிராம், எடை வந்தும் வரவில்லை என்றே சொல்லிக்கொண்டிருக்கும். எதையும் ஏற்கும் புரோகிராமோ மேலே சொன்ன கேடுகளுக்கு வாசல் திறக்கும். பழைய பெயரை விட்டுப் புதிய பெயருக்கு மாறும்போதும் இதே நிதானம் வேண்டும்: 1996-இல் நகரத்தின் பெயர் சென்னை என்று மாறியும், உலக வர்த்தகம் உபயோகிக்கும் துறைமுகக் குறியீட்டில் மதராஸின் எழுத்துகள் இன்றும் நிற்கின்றன, வெளியுலகத்துக்குக் கொடுத்துவிட்ட பெயரை நாம் தனியே மாற்றிக்கொள்ள முடியாது, பழையதையும் புதியதையும் சில காலம் ஒரே பொருளாக ஏற்க வேண்டியிருக்கும்.

அபாயச் சரக்கின் எண் ஒரு படிவத்திலிருந்து தவறி விழுவது இந்த வட்டாரத்தில் ஏட்டளவான கவலையன்று. 1005 என்பது நீரற்ற அமோனியாவின் ஐ.நா. எண். 2023 டிசம்பர் 26-ஆம் தேதி இரவு எண்ணூர்ப் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது, தூக்கத்திலிருந்த ஜனங்கள் மூச்சுத் திணறிக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மணலியில் ஒரு சி.எஃப்.எஸ். யார்டில், 2015-இல் பறிமுதலான அமோனியம் நைட்ரேட், 37 கன்டெய்னர்களில் ஏறக்குறைய 700 டன், ஐந்து வருஷம் கிடந்தது. 2020 ஆகஸ்ட் 4-இல் பெய்ரூட் துறைமுகம் வெடித்துச் சிதறிய செய்திக்குப் பிறகே அது ஐதராபாத்துக்கு அகற்றப்பட்டது. உர வகை என்று அறிவித்து இறக்குமதியான அந்தச் சரக்கை வெடிமருந்து வகை என்று சுங்க இலாகா கண்டு பறிமுதல் செய்தது என்பதை இங்கே நினைவில் கொள்ளுங்கள். அறிவிப்பின் உண்மையைப் புரோகிராம் அறிய முடியாது; அதற்கு மனிதர் வேண்டும். ஆனால் அறிவித்தது எதுவோ அது ஓர் எழுத்துக் குறையாமல் அந்த மனிதர் கண்ணுக்குப் போய்ச் சேர வேண்டும்.

புரோகிராம் தானே அறியக்கூடிய உண்மையும் உண்டு. கன்டெய்னரின் எண், நான்கு எழுத்துகளும் ஆறு இலக்கங்களும் அவற்றுக்குப் பின் ஒரு சோதனை இலக்கமும் கொண்டது. எழுத்துகளுக்கு 10 முதல் மதிப்புக் கொடுத்து, 11-இன் மடங்குகளை மட்டும் தாண்டி, ஒவ்வோர் இடத்தையும் ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு என்று இரட்டித்துச் செல்லும் எண்ணால் பெருக்கிக் கூட்டி, 11-ஆல் வகுத்தால் எஞ்சுவதே அந்தச் சோதனை இலக்கம். 10 எஞ்சினால் சுழி. இரண்டு இலக்கங்களை மாற்றித் தட்டச்சு செய்துவிட்டாலும் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். ‘கலம்’ என்ற தண்டு கண்ட இடத்திலெல்லாம் இந்தச் சோதனையை நடத்துவதற்குப் பெயரை ஒழுங்காகப் பிரித்தறிந்திருப்பதே முதல் தேவை.

தமிழ்ப் பெயர்களைப் பற்றிச் சொல்வதாக வாக்களித்தேன். யூனிகோடின் தமிழ் எழுத்துக் குறியீடு ஒவ்வொன்றும் யூ.டி.எஃப்.-8 முறையில் மூன்று பைட்டுகள். ஒவ்வொரு பைட்டும் சரத்தில் விழுக்காட்டுக் குறியோடு மூன்று எழுத்திடம் பிடிக்கும். ‘ராயபுரம்’ என்பது எட்டுக் குறியீடுகள், ஆகவே 72 எழுத்திடம். ‘கலம்’, ‘சீல்’ என்ற தண்டுகள் தலைக்கு 36 இடம். அப்பாச்சி சர்வர் வேண்டுகோளின் முதல் வரிக்கு வழக்கமாக விட்டிருக்கும் இடம் 8,190 பைட்டுகள். இந்த இரண்டு பெயர்களை மட்டும் கொண்டு எழுதினாலும் எண்பது கன்டெய்னரை எட்டும் தறுவாயில் அது நிரம்பிவிடும். முகவரியில் எழுதியது சர்வரின் பதிவேடுகளிலும் உலாவியின் வரலாற்றிலும் தங்கிவிடும் என்பதால், பெரிய பட்டியலை முகவரியில் சுமத்தாமல் வேண்டுகோளின் உடலில் அனுப்புவதே எந்த வகையிலும் சிலாக்கியம். அங்கேயும் இதே குறிமுறைதான், ஆகவே இதே வாசிப்பு விதிகள்தான்.

நீளத்தைவிட நுட்பமான தொல்லை ஒன்றிருக்கிறது, அது நம் ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது. ‘திருவொற்றியூர்’ என்பதில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலும் என்ற இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் எவ்வித பேதமும் தெரியாது. முன்னதில் 14 குறியீடுகள், 126 எழுத்திடம். பின்னதில் 15 குறியீடுகள், 135 எழுத்திடம். ஒருவர் விசைப்பலகை ஒன்றைத் தரும், இன்னொருவருடையது மற்றதைத் தரும். புரோகிராமுக்கு அவை இரண்டு வெவ்வேறு பெயர்கள். குறிநீக்கம் ஆனதும், ஒப்பிடுவதற்கு முன்னால், எல்லாப் பெயர்களையும் என்.எஃப்.சி. என்ற ஒரே சீர்வடிவுக்குக் கொண்டுவந்தால் இந்த வேற்றுமை ஒழியும். ‘ஔ’ என்ற உயிரெழுத்துக்குப் பதில் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து அடிப்பவர்களின் பெயரை அந்தச் சீர்வடிவும் ஒன்றாக்காது. அதற்கு நாமே விதி எழுத வேண்டும். இந்தச் சிரமத்தைக் காரணம் காட்டித் தமிழ்ப் பெயர்களே வேண்டாம் என்று விலக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. காசிமேட்டிலும் எர்ணாவூரிலும் தமிழில் மட்டுமே எழுதத் தெரிந்தவர்கள் படிவம் நிரப்ப வருகிறார்கள். அவர்களுக்கு இடம் கொடுக்கும் பொறுப்பு நம்முடையது, அதற்கான வேலையும் நம்முடையது.

கடைசியாக ஒரு காரியம். பெயரைப் பிரித்து, சீர்ப்படுத்தி, எண்ணைச் சாவியாக்கித் தொகுத்த பிறகும், வந்த பெயரை வந்தபடியே ஒரு மூலையில் வைத்திருங்கள். ஏழாவது கன்டெய்னரின் சோதனை இலக்கம் பொருந்தவில்லை என்றால், ‘உள்ளீடு தவறு’ என்று பொதுவாகச் சொல்லிப் படிவம் முழுவதையும் வெறுமையாக்கித் திருப்பாதீர்கள். இடையில் ஒரு வரிசையை நீக்கியதால் உங்கள் கணக்கில் ஆறாவதாக இருப்பது அவர் திரையில் ‘கலம்_7’ ஆக இருக்கலாம். அவர் எழுதிய பெயரைச் சொல்லி, அவர் எழுதிய எண்ணைக் காட்டி, அந்த ஓர் இடத்தை மட்டும் சிவப்பாக்கி, மற்றவற்றை அப்படியே வைத்துத் திருப்புங்கள். கேட் மூடும் நேரத்துக்கு முன்னால், லாரி டிரைவர் போனில் கேட்டுக்கொண்டேயிருக்க, அந்தப் படிவத்தின் முன் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தாவுக்கு அது அரைமணி நேர வேலையை மிச்சப்படுத்தும்.